கொடுக்கு வைத்த தேள்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், நைல் நதிக்கரையில், ராஜாக்களுக்காக மலையைக் குடைந்து கல்லறை கட்டிய ஊர் அது. அங்கே கெனா என்று ஓர் ஓவியன். அவனுக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. ஒருநாள் உடைந்த சுண்ணாம்புக்கல் சில்லு ஒன்றில், யாழ் வாசிக்கும் கழுதையை மையால் வரைந்தான். கழுதைக்கு மூஞ்சி மட்டும் மந்திரவாதி ஜெத்மாவின் மூஞ்சி! ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. மந்திரவாதி விடுவானா? கெனாவையே மைப் படமாக்கிக் கல்லில் அடைத்துவிட்டான்.

கெனாவின் மனைவி நெபெத் தலைதெறிக்க ஓடிவந்தாள். மந்திரவாதி மூன்று சில்லுகளை அவள் முன்னால் வைத்தான். மூன்றிலும் அச்சு அசலாகக் கெனா.

"இதில் ஒன்றுதான் உன் புருஷன். பொழுது சாய்வதற்குள் சரியானதைத் தொட்டால் கூட்டிக்கொண்டு போ. தப்பாகத் தொட்டால் மூன்றையும் கழுவிவிடுவேன்" என்றான். பக்கத்திலேயே தண்ணீர்ச் சட்டி.

மை கரைந்தால் ஆளே போச்சு!

"யோவ், நான்தான் நெபெத்! ஒரு தடவை அசையேன்!" என்று கூப்பிட்டாள். மூன்றும் அசையவில்லை. கல்லுக்குள் காது கேட்குமா என்ன?

சூரியன் மலை உச்சிக்கு இறங்கிவிட்டது. புருஷனுக்கு மை அரைத்துக் கொடுத்தே வரையப் பழகியவள் அவள். நாணல் தூரிகையை எடுத்து, மூன்று படத்திலும் காலடியில் ஒரு தேள் வரைந்தாள். மூன்றும் அசையவில்லை.

எப்படி அசையும்? அந்த ஊரில் தேளைக் கொடுக்கில்லாமல்தான் வரைவார்கள். கொடுக்கு இருந்தால் உயிர் வந்து கொட்டிவிடும் என்று பயம். பழக்கதோஷத்தில் இவளும் அப்படியே வரைந்திருந்தாள். கொடுக்கில்லாத தேளுக்குக் கெனா பயப்படுவானா?

கொடுக்கு வைத்தால்? நிஜமாகவே கொட்டிவிட்டால்? "ஐயோ, என் கையாலேயே அவனைக் கொல்லப்போகிறேனா?" மந்திரவாதி சட்டியைத் தூக்கிவிட்டான்.

பல்லைக் கடித்துக்கொண்டு முதல் தேளுக்குக் கொடுக்கு வைத்தாள். அசையவில்லை. இரண்டாவது தேளுக்கு வைத்தாள். அசையவில்லை. மூன்றாவதற்கு வைத்ததுதான் தாமதம், படத்திலிருந்த கெனா வெடுக்கென்று காலைத் தூக்கினான்!

"இவன்தான்!" என்று பாய்ந்து தொட்டாள். மாயம் படீரென்று விலகியது. கெனா வெளியே குதித்தான், கூடவே தேளும் குதித்தது. குதித்த தேள் மந்திரவாதியின் பாதத்தில் போட்டது ஒரு போடு! சட்டி உடைய, அவன் அலறி, நொண்டிக்கொண்டே ஊரைவிட்டு ஓடினவன் ஓடினவன்தான்.

நெபெத் புருஷனைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அவனோ தன் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "அடிப்பாவி, கொடுக்கு வைத்துவிட்டாயே! எனக்கு உயிரே போயிருக்குமே!"

"உயிர் இருக்கிறதா என்று பார்க்கத்தானய்யா வைத்தேன்" என்றாள் அவள்.