ஒரு 'ம்' குறைந்த கடிதம்

புன்னைக்காட்டில் கீற்று என்னும் பெண் அணில் இருந்தது. விதைத் தேர்வில் காட்டிலேயே முதல் மதிப்பெண் அதற்குத்தான். ஆயிரம் பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்கே இடம் தரும் மலையுச்சிக் கல்லூரி, அதைத் தேர்ந்தெடுத்தது.

கல்லூரி எழுத்தரான நரி கடிதத்துடன் வந்தது. தாய் அணில் அதை வாங்கி உரக்கப் படித்தது.

"சேரும் அன்றே பொந்துக்குக் கைம்மாறும் உண்டாம்! பரிசு தருகிறார்கள், கண்ணே!" என்று சொல்லி, சம்மதமாகக் கடிதத்தில் பதிப்பதற்காகத் தன் காலை மையில் தோய்த்தது.

பக்கத்துக் கிளை மைனா சிறகடித்தது. "கீற்று, நீ பிழைத்தாய்! இல்லாவிட்டால் குளக்கரைக் கல்லூரியில் தவளைகளோடு தத்திக்கொண்டிருப்பாய்!"

கீற்றுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வரியைத் தானும் ஒருமுறை படிக்க ஆசைப்பட்டது. படித்ததும் அதன் வால் விறைத்தது.

"நிறுத்துங்கள், அம்மா! 'பொந்து கைமாறும்' என்றுதான் இருக்கிறது. நடுவில் 'ம்' இல்லை. கைம்மாறு என்றால் பெற்ற உதவிக்குத் திரும்பச் செய்வது. கைமாறும் என்றால் நம் பொந்து கட்டணமாகக் கல்லூரிக்குப் போய்விடும்!"

"ஓர் எழுத்துக்கு இத்தனை ஆரவாரமா?" என்று நரி இளித்தது.

"அந்த ஓர் எழுத்துக்குள் என் தம்பிகள் மூவர் உறங்குகிறார்கள், ஐயா! இன்னும் கண்கூடத் திறக்கவில்லை!"

அப்போதுதான் கீற்றுக்கு ஒன்று உறைத்தது. அதற்கு எழுத்துக் கற்பித்தவளே அம்மாதான். அம்மா ஒருநாளும் ஒற்றெழுத்தில் தவறியதில்லை.

"அம்மா, தெரிந்தேதான் மாற்றிப் படித்தீர்களா?"

தாய் அணில் மை படிந்த காலை மறைத்துக்கொண்டது. "நாங்கள் எந்த இலையடியிலாவது ஒதுங்கிக்கொள்வோம். நீ முதல் மதிப்பெண் வாங்கியவளாயிற்றே!"

கீற்று கடிதத்தை நரியிடமே திருப்பிக் கொடுத்தது. மறுநாள் குளக்கரைக் கல்லூரியில் சேர்ந்தது. நாள்தோறும் கரையில் சருகு கூட்டுவதே அங்கே கட்டணம். நீரில் மிதந்து சென்று முளைக்கும் விதைகளைப் பற்றித் தவளைகள் அதற்குச் சொல்லிக் கொடுத்தன. மலையுச்சியில் யாரும் அறியாத பாடம் அது!

படிப்பு முடிந்த அன்று மழை கொட்டியது. நனையாத பொந்துக்குள், தம்பிகள் சூழ, கீற்று தன் பட்டத்தைத் தாயின் முன் வைத்தது. பட்டம் ஓர் ஆலிலை. அதன் ஓரத்தில் கீற்று நகத்தால் ஒரு சொல்லைக் கீறியிருந்தது: 'கைம்மாறு'.

தாய் அணில் எழுத்துக் கூட்டிப் பார்த்தது. "'ம்' சரியாக இருக்கிறது" என்றது. அதற்குமேல் படிக்க முடியாமல் அதன் கண்கள் நிறைந்தன.

திறமைக்கு ஏற்ற இடம் பெயர் பெற்ற இடம் அன்று. நம்மைப் படிக்கவைத்தவர்களின் கூரையைப் பறிக்காமல் அறிவைத் தரும் இடமே.