மஞ்சள் நீரில் சிவப்பு நின்ற நேரம்

அன்று காலை மலையடி மடத்தில் இருந்தவர்கள்: குரு தனகோட்டி அம்மாள், ஐம்பது வயதுச் சீடர் தீர்த்தகிரி, சமையல் பார்க்கும் பூங்காவனம், வாசலில் வண்டியை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டிருந்த சின்னராசு. ஆக நாலு பேர். பின்கட்டில் நின்ற கன்றுக்குட்டியைச் சேர்க்கவில்லை.

சின்னராசு, தீர்த்தகிரியுடைய அண்ணனின் மருமகன்.

“மாமாவுக்கு இன்னைக்குப் பொழுது தாங்காதுங்கறாங்க. கண்ணைத் திறந்தா தம்பி, தம்பிங்கறார். ஏறுங்க சின்ன மாமா.”

தீர்த்தகிரி ஏறவில்லை. உள்ளே வந்து குருவின் முன் நின்றார்.

“நான் போகலை அம்மா.”

“ஏன்?”

“ஆத்தா செத்த சேதியை எனக்குச் சொல்லாமலே கொள்ளி வெச்சவர் அவர். உங்க முன்னால உட்கார்ந்தா மனசு இளகுது. வாசப்படி தாண்டறதுக்குள்ள திரும்பவும் கொதிக்குது. சாகக் கிடக்கிற மனுசன்கிட்டப் போய் ‘ஏன்டா அப்படிப் பண்ணினே’ன்னு கத்திட்டேன்னா? இளகின மனசு நிக்க மாட்டேங்குதே, என்ன செய்ய?”

அம்மாள் துறவு பூணும் முன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவர். அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

“பூங்காவனம், மஞ்சள்தூள் கொண்டா. எலுமிச்சம்பழமும், சுண்ணாம்புத் தெளிவும்.”

“ஆரத்தியா அம்மா? யாருக்கு? போக மாட்டேன்னு முரண்டு பிடிக்கிறவருக்கா?”

கேலி பேசினாலும் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தாள்.

கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீர். ஒரு சிட்டிகை மஞ்சள். எலுமிச்சைச் சாறு இரண்டே சொட்டு. அம்மாள் சுண்ணாம்புத் தெளிவை இங்க் ஃபில்லரில் உறிஞ்சித் தீர்த்தகிரியின் கையில் கொடுத்தார்.

“ஒவ்வொரு சொட்டா விடு. விட்டு, டம்ளரை மெல்லச் சுழற்று.”

முதல் சொட்டு விழுந்த இடத்தில் ஒரு செம்புள்ளி பூத்தது. அவர் சுழற்றுவதற்குள் புளிப்பு அதை விழுங்கிவிட்டது.

“போச்சே அம்மா.”

“அடுத்தது விடு.”

அடுத்ததும் போனது. பத்தாவதும் போனது. வாசலில் ஹாரன் அலறியது.

இருபதாவது சொட்டு உடனே மறையவில்லை. செந்நூலாக நீண்டு, டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு கரைந்தது. தீர்த்தகிரி குனிந்து பார்த்தார்.

“சின்ன மாமா, விளையாடறீங்களா? அங்கே உயிர் ஊசலாடுது!” என்று சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார் சின்னராசு. டம்ளரைப் பார்த்ததும் அவரும் குனிந்தார். அடுப்பில் உலை பொங்கி வழிந்தது. பூங்காவனம் நகரவில்லை.

முப்பத்தொன்றாவது சொட்டு.

டம்ளர் முழுக்கச் சிவந்தது. அடிமுதல் விளிம்புவரை, விடியற்கால வானம் அந்தக் கையளவு நீரில் இறங்கியதுபோல. கூடத்துச் சுவரில்கூட அந்தச் சிவப்பு அசைந்தது.

பிறகு எங்கிருந்தோ மஞ்சள் மெல்லத் திரும்பி வந்தது.

தீர்த்தகிரியின் முகம் தொங்கிப்போனது.

“இதுவும் நிக்கலையே அம்மா.”

“நிக்கலைதான். எவ்வளவு நேரம் இருந்தது?”

“மனசுக்குள்ள எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு வரைக்கும்.”

“அண்ணன் வாயில ஒரு கரண்டி தண்ணி விட எவ்வளவு நேரம் ஆகும், தீர்த்தகிரி?”

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஃபில்லரை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறினார்.

ஃபில்லரில் ஏழு சொட்டு மீதி இருந்தது.