கீழ்வாசல் கதவும் வெள்ளை எருமைகளும்

நாட்களை எண்ண யாருக்கும் தோன்றாத ஒரு காலத்தில், மூன்று பக்கம் மலையும் நாலாம் பக்கம் மதிலுமாகக் குடுவைநல்லூர் என்று ஒரு ஊர் இருந்தது. சின்ன ஊர்தான். ஆனாலும் அதற்கொரு ராசா உண்டு. மதிலில் ஒரே வாசல், சரிவைப் பார்த்த கீழ்வாசல். அதைக் காத்தவள் கூத்தாயி. கதவைச் சாத்தும்படி ஒரு பகையும் வந்ததில்லை. அதனால் போகிறவர் வருகிறவரிடம் வாயடிப்பதுதான் அவள் வேலை.

ஒரு மார்கழியில் வெண்சாமரன் என்ற மந்திரவாதி வந்தான். தோளில் ஒரு வெள்ளைச் சாமரம்.

"ராசா, இந்த வருசம் குளிர் கொடூரமா இருக்கும். கீழ்நாட்டிலேர்ந்து ஏறி வரும். பொழுது சாய்ஞ்சா கீழ்வாசலை அடைச்சிடுங்க. நான் மலை உச்சியில உக்காந்து மந்திரம் சொல்றேன்."

ராசா நடுங்கிப்போனார். கதவைத் திறப்பவர் தலை மதில்மேல் ஏறும் என்று தண்டோரா போட்டார்.

அன்று மாலை உச்சியில் நின்று மந்திரவாதி சாமரத்தை வீசினான். வானம் துடைத்த தட்டு மாதிரி ஆனது.

"கூத்தாயி, கதவு அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு ராசா!"

விடிந்தது. ஐயையோ, அதை என்னவென்று சொல்வது! அவரைப் பந்தலெல்லாம் கருகித் தொங்கியது. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. புல்லின்மேல் உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளை.

"சந்து வழியா வந்திருக்கு. களிமண் வச்சுப் பூசு" என்றார் ராசா. பூசினாள்.

"அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு ராசா!"

விடிந்தது. குளத்துத் தண்ணீர் பாறையாகிக் கிடந்தது. நடுவில் கால் மாட்டிக்கொண்ட வாத்து ஒன்று ஊரையே திட்டிக்கொண்டிருந்தது.

"பனந்தடியைக் குறுக்கே போடு!" போட்டாள்.

"அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு ராசா." இந்தத் தடவை குரலில் தெம்பில்லை.

விடிந்தது. அவள் புருசன் மாசிலான் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கொட்டாவி விடத் திறந்த வாய், சோம்பல் முறிக்கத் தூக்கிய கை, எல்லாம் அப்படியே. மீசையில் வெள்ளை, இமையில் வெள்ளை.

"யோவ், காலங்காத்தால விளையாடாதே" என்று தோளைத் தட்டினாள். ணங் என்றது.

கூத்தாயி முந்தானையால் அவன் மீசையைத் துடைத்தாள். வெள்ளை போகவில்லை.

மந்திரவாதி இறங்கி வந்து பார்த்தான். "நாளைக்கு விடிஞ்சா நெஞ்சும் உறைஞ்சிடும். அப்புறம் இவன் ஆள் இல்லை, சிலை" என்றான். சொல்லும்போதே மாசிலானின் உயரத்தைச் சாண் வைத்து அளந்தான்.

அன்று அந்தியிலும் கதவை அடைத்துவிட்டு அதிலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். முழங்காலில் ஏதோ முட்டியது. பார்த்தால், ஒரு வெள்ளை எருமைக் கன்று. அது விட்ட மூச்செல்லாம் மூடுபனி.

"அக்கா, கதவைத் திறங்க. வெளியே போகணும்."

"வெளியேவா? நீங்க உள்ளே வரக் கூடாதுன்னுதானே அடைச்சிருக்கு!"

"நாங்க எங்கே வெளியேயிருந்து வந்தோம்? மலையிலேர்ந்து இறங்கி வர்றோம். பகலெல்லாம் பாறை வெயிலைக் குடிக்கும். ராத்திரி மேகம் போர்வை மாதிரி அந்தச் சூட்டை மூடி வைக்கும். அந்தாளு சாமரத்தால மேகத்தைக் கூட்டித் தள்ளிட்டாரு. சூடெல்லாம் நட்சத்திரத்துப் பக்கம் போயிடுச்சு. ஆறிப்போன பாறையில நாங்க பிறந்துட்டோம். எங்க உடம்பு கனம் அக்கா. மேலே ஏறத் தெரியாது, பள்ளத்தைப் பார்த்து நடக்கத்தான் தெரியும். நடந்து வந்தா கதவு அடைச்சிருக்கு. எங்கே போவோம்? இங்கேயே படுத்துக்கறோம்."

கூத்தாயி நிமிர்ந்தாள். தெருவெல்லாம் வெள்ளை எருமைகள். பந்தலடியில், குளத்தில், வாசற்படியில். கிழ எருமை ஒன்று மாசிலான்மேல் சாய்ந்து அசைபோட்டது.

"அப்போ உங்களை இங்கே அடைச்சு வச்சது..."

"நீங்கதான் அக்கா."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் களிமண் இருந்தது. இந்தக் கையா? இந்தக் கையேதானா?

எழுந்தாள். பனந்தடியைத் தள்ளினாள். களிமண்ணைப் பிறாண்டினாள். தாழ்ப்பாளைப் பிடித்தாள்.

ராசா ஓடி வந்தார். "ஏய், தலை போயிடும்!"

"போகட்டும் ராசா. என் புருசன் போனப்புறம் இந்தத் தலையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

மலையிலிருந்து மந்திரவாதி தாவி வந்து வாசலை மறித்தான். "திறக்காதே! என் அரண்மனைக்கு ஒரு ஊர் முழுக்கச் சிலை வேணும்!"

ராசாவின் வாய் பிளந்தது பிளந்தபடி நின்றது.

கூத்தாயி திறந்தாள்.

பள்ளத்தைக் கண்ட மந்தைக்கு மந்திரவாதி என்ன, மகாராசா என்ன? அவனையும் முட்டித் தூக்கிக்கொண்டு சரிவில் பாய்ந்தது. அவன் போன சுவடே இல்லை. சாமரம் மட்டும் கூத்தாயி காலடியில் விழுந்தது.

அதை எடுத்து எதிர்ப்பக்கமாக வீசினாள். ஒரு வீச்சு, மலைக்குப் பின்னால் மேகம் எட்டிப் பார்த்தது. இன்னொரு வீச்சு, பாதி வானம் மூடியது. மூன்றாம் வீச்சில் ஊரே போர்த்திக்கொண்டது.

மாசிலான் கொட்டாவியை விட்டு முடித்தான். "ஏன் புள்ள, கஞ்சி ஆறிப்போச்சா?"

ஒரு அறை அறைந்தாள். அப்புறம் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

"மதில்மேல ஏற வேண்டியது என் தலைதான்" என்றார் ராசா. கதவைப் பெயர்த்து அவளுக்கே பரிசாகக் கொடுத்தார். அவள் அதைப் பிளந்து அடுப்பில் வைத்து ஊருக்கெல்லாம் வெந்நீர் போட்டாள். முதல் குளியல் வாத்துக்கு.

மார்கழியில் மேகமில்லாத நாளில் அந்த மந்தை இன்றும் அவ்வழியே இறங்குகிறது. வழி திறந்திருப்பதால் எங்கும் படுப்பதில்லை. ஊர்க்காரர்கள் அங்கே கதகதப்பாகத் தூங்குகிறார்கள். கதை கேட்ட நாம்தான் இங்கே இன்னும் விழித்திருக்கிறோம்.