மத்தி கூறு மூணு ஏகாம்பரம்

கைபேசிக்குள்ளேயே இருக்கும் புதுக் காசைக் கண்டுபிடிச்ச மகராசனே, உன்னைத்தான் கேட்கிறேன்! முழுசா ஒரு காசு கொடுத்தால் படகே வாங்கலாம். அதன் சில்லறைக்குப் பேர் வைக்காமல் எங்கேய்யா போனாய்? ஒரு கூறு மத்திக்கு "புள்ளி சைபர் சைபர் சைபர் மூணு" என்று கூவி முடிப்பதற்குள் மீன் நாறிவிடுகிறது.

நீ வைத்த குறையைப் பார்த்து எங்கள் மீன் மார்க்கெட் தலைவர் ஏகாம்பரத்துக்கு ஆசை வந்துவிட்டது.

"இனிமே சில்லறைக்கு என் பேருதான். சொல்லாதவங்க கடையைக் காலி பண்ணணும்!" என்று மைக்கில் அறிவித்தார். மூலையில் மத்தி விற்கும் செங்கேணி களுக்கென்று சிரித்தாள். "முதல்ல உன் கடைதான்!" என்று அவளை நோக்கி விரலை நீட்டினார் தலைவர்.

"ஐயோ தலைவரே, வாய் நிறையச் சொல்றேன்" என்றாள் அவள்.

மறுநாள் காலை, பெருமையைக் காட்டச் சம்பந்தியையே கூட்டிக்கொண்டு வந்தார் தலைவர்.

"கூறு மூணு ஏகாம்பரம்!" என்று கூவினாள் செங்கேணி.

"ஐஸ்ல கிடந்த மீனுக்கு மூணா? ஒரு ஏகாம்பரமே ஜாஸ்தி!" என்று பேரம் பேசினேன், தினமும் அவளிடம் மீன் வாங்கும் நான்.

"யோவ், ஒரு ஏகாம்பரத்தைப் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது!"

சம்பந்தி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் ஓடிவந்தார்.

"போதும் தாயி, என் பேரை விட்டுடு!"

"விட்டா கடை போயிடுமே?"

"போகாது!"

"அதையும் மைக்கிலயே சொல்லிடுங்க தலைவரே."

சொன்னார்.

இப்போது சில்லறைக்கு மறுபடியும் பேர் இல்லை. மார்க்கெட் சங்கச் செயலாளர் வேறு மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டையைக் கனைக்கிறார். மகராசனே, உடனே கிளம்பி வந்து உன் பிள்ளைக்கு நீயே பேர் வை!