பூவரச மரத்தில் மூன்று ஸ்டூல்

"டீச்சர், நான் செஞ்ச ஸ்டூல்ல வீட்டுல ஒருத்தரும் உட்கார மாட்டேங்காங்க."

தேவஇரக்கம் பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இதைச் சொன்னார்.

எப்சி டீச்சர் ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஆடுதோ?"

"ஆடல."

"உயரம் சரியில்லையோ?"

"அளவெடுத்துல்லா செஞ்சேன்."

"பெறவு?"

"அழகா இருக்காம். உட்கார மனசு வரலையாம்."

டீச்சர் அடுத்த பல்லுக்குப் போனார்.

தேவஇரக்கத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. குவைத்தில் பல வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய தேவஇரக்கம், மரவேலை கற்றுத்தரும் இந்தப் பட்டறையைத் தேடி வந்தபோது ஒன்றுதான் கேட்டார்.

"இவ்வளவு நாளும் எல்லாத்தையும் கடையில வாங்கித்தான் அனுப்பினேன். ஒண்ணாவது என் கையால செஞ்சு கொடுக்கணும் டீச்சர்."

மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து செய்தார். மனைவி கிருபைக்கு அடுப்படியில் உட்கார்ந்து மீன் கழுவத் தோதாகத் தாழ்வாக ஒன்று. மகள் ஷீபாவுக்குத் தையல் மிஷின் உயரத்துக்கு ஒன்று. மகன் எபனுக்கு ஷூ மாட்ட வாசலில் போட ஒன்று. எல்லாம் பூவரசு. மெருகேற்றி மெருகேற்றி, முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்.

கிறிஸ்துமஸ் காலையில் கொடுத்தார். மூன்று பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கிருபை முந்தானையால் துடைத்து ஷோகேஸ் பக்கத்தில் வைத்தாள். ஷீபா துண்டு சுற்றி அலமாரிமேல் ஏற்றினாள். எபன் போட்டோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டுக் கட்டிலுக்கடியில் பத்திரப்படுத்தினான்.

ஷீபா இன்னும் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத்தான் தைக்கிறாள்.

டீச்சர் அரத்தைக் கீழே வைத்தார்.

"கொடுத்த அன்னைக்கு யாராவது உட்காரப் போனாங்களா?"

"கிருபை போனா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல." கொஞ்சம் யோசித்தார். "பாத்துன்னு சொன்னேன். பாலிஷ்லா."

"அவங்க ஸ்டூலை எடுத்துட்டு வாங்க."

மறுநாள் காலையில் தேவஇரக்கம் அதைப் போர்வையில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். டீச்சர் போர்வையைப் பிரித்தார். எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க அண்ணாச்சி."

சொல்லிவிட்டுச் செருப்புக் காலோடு அதன்மேல் ஏறி நின்றார். பரணில் கிடந்த பலகையை இழுத்து இறக்கினார்.

"டீச்சர்!"

"இதைப் பிடிங்க."

தேவஇரக்கம் பலகையைப் பிடித்தார்.

டீ வந்தது. டீச்சர் சுடச்சுட இருந்த கிளாஸை ஸ்டூலின் நட்டநடுவில் வைத்தார். தேவஇரக்கம் தன் டீயைக் குடிக்க மறந்துபோனார்.

பிறகு ஒரு மரச்சட்டத்தை ஸ்டூல்மேல் வைத்து, ஒரு காலால் மிதித்துக்கொண்டு அறுத்தார். சட்டம் துண்டாகி விழுந்தது. ரம்பம் கடைசி இழுப்பில் ஸ்டூலின் ஓரத்தையும் கொஞ்சம் தின்றது.

தேவஇரக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் டீச்சர் ஸ்டூலைத் துணியால் ஒரு தடவை துடைத்து அவர் முன்னால் வைத்தார். கிளாஸ் வைத்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். ஓரத்தில் ரம்பம் பட்ட வெட்டு. கீறல்களுக்குக் கணக்கில்லை.

தேவஇரக்கம் கீறலைத் தேய்க்க உப்புத்தாளை எடுத்தார். டீச்சர் அதை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார்.

"இதை எப்படி டீச்சர் வீட்டுக்குக் கொண்டு போறது?"

"ஸ்கூட்டர்லதான்."

அவர் வீட்டுக்குப் போனபோது கிருபை அடுப்படியில் குத்தவைத்து மீன் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலை நிலைக்கதவு ஓரத்தில் வைத்துவிட்டு, எப்படிச் சொல்லுவது என்று தெரியாமல் நின்றார்.

கிருபை வட்டத்தைப் பார்த்தாள். ரம்பம் பட்ட வெட்டைப் பார்த்தாள். காலை நீட்டி ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்தாள். உட்கார்ந்தாள். அடுத்த மீனை எடுத்தாள்.

தேவஇரக்கத்துக்கு வாய் வரை 'பாத்து' வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"உயரம் சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"முட்டி வலிக்கல" என்றாள் கிருபை.

தண்ணீர் குடிக்க வந்த ஷீபா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அலமாரிமேலிருந்து ஏதோ இறங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம்.

அந்த வாரம் எபன் தன் ஸ்டூல்மேல் ஏறி டியூப்லைட் மாற்றினான். யாரும் 'பாத்து' என்று சொல்லவில்லை. தேவஇரக்கம் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராகப் பட்டறைக்கு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, உட்கார்ந்தாங்களா?"

"அதை விடுங்க டீச்சர். நேத்து மத்தியானம் அடுப்படியில கிருபை ஸ்டூல் சும்மா கிடந்துச்சு. நான் உட்கார்ந்தேன்."

"சரி."

"அவ சோத்துப் பானையைத் தூக்கிட்டு வந்தா. கஞ்சி வடிக்கணும்."

"ம்."

"நான் ஊருக்கு வந்த நாள்லேருந்து, டீச்சர், வீட்டுல எங்க போய் நின்னாலும் விருந்தாளிக்குப் போடுற மாதிரி எனக்கு நாற்காலி இழுத்துப் போடுவாங்க. ஃபேனை என் பக்கம் திருப்பி வைப்பாங்க. நான் இருந்தா டிவி சத்தத்தைக் குறைச்சிடுவாங்க."

டீச்சர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"நேத்து, 'நடு வழியில உட்கார்ந்துக்கிட்டு! அங்கிட்டு தள்ளுங்க'ன்னு ஒரு அதட்டல் போட்டா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"தள்ளி உட்கார்ந்தேன் டீச்சர்" என்றார் தேவஇரக்கம். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.