இறங்காத பேட்டரி

தென்காசிப் பக்கம் தன் கையால் வீட்டுக்கு சோலார் போட்டுப் பார்க்கிறவர்கள், என்றாவது ஒருநாள் மங்கை டீச்சரின் மொட்டைமாடிக்கு வந்துதான் ஆக வேண்டும். கருகிய ஒயரோடு வருவார்கள், உப்பிப்போன பேட்டரியோடு வருவார்கள், வீட்டில் வாங்கிய திட்டோடும் வருவார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் இவர்களுக்கு. பாடம் என்று ஒன்றும் நடத்த மாட்டார். கேட்டால் பதில் சொல்வார். அதையும் முக்கால்வாசி கேள்வியாகத்தான் சொல்வார்.

சீடர்களில் வயதானவர் அருமைநாயகம். டீச்சருக்கே அப்பா வயது இருக்கும். பஸ் டெப்போவில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டோரில் இருந்த கடைசி போல்ட்டை அவர் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததே இல்லை என்று டெப்போவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். பயப்படுவதில் மனுஷன் அவ்வளவு கெட்டிக்காரர்.

இப்போது அவருடைய பயம் மொத்தமும் மனைவி எஸ்தர் மேல் இருந்தது. எஸ்தரின் நுரையீரல் பழுது. மூக்கில் குழாய் வைத்து, ஆக்சிஜன் மிஷினோடுதான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வருஷம் சாரல் காற்றில் கம்பி அறுந்து கரண்ட் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து சிலிண்டர் வந்து சேர்வதற்குள் எஸ்தருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. அதற்கு மறுவாரம் அருமைநாயகம் டீச்சரின் மாடிக்கு வந்தார். ஒயர் சீவத் தெரியாமல் வந்தவர், ஒரு வருஷத்தில் பேனல் ஏற்றி, இன்வெர்ட்டர் மாட்டி, பேட்டரியையும் இணைத்துவிட்டார். கரண்ட் போனாலும் மிஷின் நிற்காது.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இந்த வருஷம் சாரல் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேட்டரியில் மாட்டியிருந்த மீட்டரைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டுகிற சின்ன மீட்டர்.

"டீச்சர், இது பொய் சொல்லுது."

"என்ன பொய்?"

"பேட்டரி இறங்க மாட்டேங்குது."

அங்கிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "அண்ணாச்சி, பேட்டரி இறங்கலேன்னு அழுத முதல் ஆளு நீங்கதான்" என்றார் ஒருவர். அருமைநாயகம் சிரிக்கவில்லை.

"பகல் முழுக்க கரண்ட் இல்லாத நாளைப் பாத்து கணக்குப் போட்டேன் டீச்சர். வெயிலே கிடையாது, ஒரே மேகம். பேனல்ல இருந்து ஒண்ணும் ஏறலை. மிஷின் காலையில இருந்து பேட்டரியிலதான் ஓடுது. சாயங்காலம் பாதிக்குக் கீழ வந்திருக்கணும். முக்காலுக்கு மேல நிக்கு."

"இறங்கலேன்னா நல்லதுதானே அண்ணாச்சி?"

"இல்ல டீச்சர். கணக்குக்கு மேல நல்லது நடந்தா எனக்குப் பயமா இருக்கு. மீட்டர் முக்கால்னு காட்டிக்கிட்டே இருக்கும், உள்ள காலியாயிருக்கும். திடீர்னு மிஷின் நின்னுட்டா அவ என்ன செய்வா?"

டீச்சர் மீட்டரை வாங்கித் தன் பேட்டரியில் மாட்டிப் பார்த்தார். தன்னிடம் இருந்த மீட்டரையும் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றையே காட்டின.

"மீட்டர்ல கோளாறு இல்ல."

"அப்போ பேட்டரியிலயா?"

"போன மாசம்தான டெஸ்ட் பண்ணினோம். நல்லாத்தான இருந்துச்சு."

"அப்போ எங்க டீச்சர் தப்பு?"

"லோடைப் பாத்தீங்களா?"

"லோடு ஒண்ணே ஒண்ணுதான். அவ மிஷின். அதுல பாக்கதுக்கு என்ன இருக்கு?"

டீச்சர் மீட்டரைத் துணியில் சுற்றி அவரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு கேட்டார்.

"கரண்ட் இல்லாத அன்னைக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

"மாடியிலதான். படியறையில, மீட்டர்கிட்ட. சோறு கூட அங்கதான். ஒவ்வொரு நம்பர் இறங்கும்போதும் நெஞ்சு கிடந்து அடிச்சுக்கிடும் டீச்சர். கீழ போயி அவகிட்ட சொல்லிட்டு வருவேன், இவ்வளவுதான் இருக்குன்னு."

"மதினி?"

"அவ கீழ, ரூம்ல."

"அடுத்து எப்போ கரண்ட் நிப்பாட்டுறாங்க?"

"புதன்கிழமை. லைன்ல வேலையாம். பகல் முழுக்க இருக்காதாம்."

"வாரேன்" என்றார் டீச்சர்.

புதன்கிழமை வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. காற்று தென்னைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அருமைநாயகம் மாடிக் கைப்பிடிச் சுவரில் நின்று குனிந்து பார்த்தார். முந்தின ராத்திரி தூங்காத முகம்.

"மேல வாங்க டீச்சர். இப்பவும் அப்படியேதான் நிக்கு."

"முதல்ல மதினியைப் பாத்துட்டு வாரேன்."

"சீக்கிரம் வாங்க. நான் மீட்டரை விட்டு நகர முடியாது."

டீச்சர் வீட்டுக்குள் போனார். அந்த மிஷின் ஓடினால் பக்கத்து அறையில் இருக்கிறவர்கள் கூடச் சத்தமாகத்தான் பேச வேண்டும். வீடு அமைதியாக இருந்தது. மாடியில் செருப்பு தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

எஸ்தர் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. குழாயின் மறுமுனையில் மிஷின் அணைந்து கிடந்தது.

டீச்சர் நேரே போய் மிஷினைப் போட்டார். அது ஒருதரம் கத்திவிட்டு ஓட ஆரம்பித்தது. எஸ்தர் கண்ணை மூடி, இரண்டு மூன்று தரம் மெதுவாக மூச்சை இழுத்தார். பேச்சு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அணைச்சிருங்க டீச்சர். நம்பர் இறங்கிரும்."

"இறங்கட்டும்."

"உங்களுக்குத் தெரியாது. ஒரு நம்பர் இறங்கினா அவரு படியில ஓடி வருவாரு. அந்த முகத்தைப் பாக்க முடியாது டீச்சர். செத்துப்போன வீட்டுக்கு வந்த மாதிரி நிப்பாரு."

"அதுக்காகவா?"

"அவரு மேல போனதும் அணைச்சிருவேன். படியில செருப்புச் சத்தம் கேட்டா போட்டுருவேன். இந்தக் காத்துல மிஷின் ஓடுதா நிக்கான்னு அவருக்கு மேல சரியாத் தெரியாது. நம்பர் நின்னா அவரும் கொஞ்சம் சோறு தின்பாரு. இல்லேன்னா அதுவும் கிடையாது."

"மூச்சு முட்டலையா மதினி?"

"முட்டும். அவரு முகத்தைப் பாக்கதுக்கு இது தேவலை."

டீச்சர் அவர் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தார். நகக்கண் எல்லாம் நீலமாக இருந்தது. டீச்சருக்குக் கோபம் வந்தது. யார் மேல் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"அவர்கிட்ட சொல்லிராதீங்க" என்றார் எஸ்தர். "எனக்காகத்தான் எல்லாம் செய்தாரு. அதனாலேயே எனக்கு இப்படி ஆகுதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

"நானா சொல்ல மாட்டேன்" என்றார் டீச்சர்.

மாடிக்குப் போனார். படியறையில் அருமைநாயகம் மீட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலைச் சாப்பாடு ஆறிப்போய்க் கிடந்தது.

"தப்பு எங்கன்னு தெரிஞ்சுதா டீச்சர்?"

"பாக்கணும். நீங்க கீழ போயி மதினி பக்கத்துல உக்காருங்க."

"நான் எதுக்கு? இங்க இருந்தா உங்களுக்கு ஒயர் பிடிப்பேன்லா."

"ஒயர் பிடிக்க ஆள் வேண்டாம். நான் கூப்பிடுத வரைக்கும் மேல வராதீங்க."

"நம்பர் இறங்கிச்சுன்னா?"

"நான் பாத்துக்கிடுதேன்."

அருமைநாயகம் அரை மனதோடு எழுந்தார். படியில் நின்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு கீழே போனார்.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு ஒயரையும் தொடவில்லை. கொண்டுவந்த பையையும் திறக்கவில்லை. கீழேயிருந்து மிஷின் சத்தம் காற்றுக்கு நடுவே வந்தும் போயும் கொண்டிருந்தது. எண் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று இறங்கியது. காற்று ஓய்ந்தபோது கீழே ஏதோ பேச்சு கேட்டது. ஒருதரம் எஸ்தர் சிரித்தது போலவும் இருந்தது.

மத்தியானம் தாண்டி டீச்சர் கீழே வந்தார். அருமைநாயகம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மனைவிக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். டீச்சரைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"என்ன ஆச்சு டீச்சர்? இறங்கிச்சா?"

"இறங்கிச்சு."

"எவ்வளவு?"

"நான் மேல உக்காந்திருந்த நேரத்துக்கு நீங்க போட்ட கணக்கு எவ்வளவோ அவ்வளவு. கொஞ்சமும் கூடக் குறைய இல்ல. பேட்டரி சாயங்காலம் வரைக்கும் தாராளமா வரும். ராத்திரிக்கும் மிச்சம் இருக்கும். நல்லாச் செஞ்சிருக்கீங்க அண்ணாச்சி."

அருமைநாயகத்தின் முகம் ஒரு நிமிஷம் தெளிந்தது. பழைய ஸ்டோர்கீப்பருக்குக் கணக்கு நேரானதில் சந்தோஷம். பிறகு மறுபடியும் நெற்றி சுருங்கியது.

"அப்படின்னா என்னத்தைச் சரி பண்ணினீங்க?"

"ஒண்ணையும் தொடலை."

"தொடாம எப்படி டீச்சர் சரியாகும்? இவ்வளவு நாளும் இறங்காதது இன்னைக்கு மட்டும் எப்படி இறங்குச்சு?"

டீச்சர் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நாளும் நீங்க மேல இருந்தீங்க" என்றார் டீச்சர். "இன்னைக்குக் கீழ இருந்தீங்க."

அருமைநாயகத்துக்குப் புரியவில்லை. மனைவியைப் பார்த்தார். மூக்கில் இருந்த குழாயைப் பார்த்தார். அது போய்ச் சேர்கிற மிஷினைப் பார்த்தார். கட்டிலில் இருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அதன் சுவிட்ச் இருந்தது. அவர் கையில் இருந்த ஆரஞ்சுச் சுளை கீழே விழுந்தது.

"எஸ்தர்."

எஸ்தர் நிமிரவில்லை.

"ஏன் எஸ்தர்?"

"நீங்க பயப்படுதீங்க" என்றார் எஸ்தர். "எனக்குப் பாக்க முடியலை."

அருமைநாயகம் கட்டில் ஓரத்தில் மறுபடி உட்கார்ந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவர் கேட்டது டீச்சருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டார்.

"எவ்வளவு நேரம் டீச்சர்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இவ இது இல்லாம இருந்திருப்பா?"

டீச்சர் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் லேசாகத் தலையசைத்தார்.

"உங்க கணக்குல எவ்வளவு இறங்காம நின்னுச்சோ அண்ணாச்சி, அவ்வளவு நேரம்."