ராஜா கூவிய சோறு

ரொம்பக் காலத்துக்கு முந்தி வேங்கைநாட்டை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். சாப்பிட்டதும் தூங்குவது அவருடைய ராஜாங்க வேலைகளில் முக்கியமானது. ஒரு நாள் தெருவில் யாரோ "நுங்கே... நுங்கு" என்று கூவ, அந்த வேலை பாதியில் கெட்டுவிட்டது.

கஜானா அதிகாரி அம்பலவாணன் வாய்பொத்தி முன்னால் வந்தார். எப்படியாவது மந்திரி திருமலைக்கொழுந்தை முந்தி நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஓயாத நமைச்சல்.

"மகாராஜா, நல்ல சரக்குக்குக் கூவல் எதற்கு? சொத்தைச் சரக்குக்குத்தான் அது வேண்டும். ஒருவரும் கூவக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். நிம்மதியாகத் தூங்கலாம்."

தூக்கம் என்றதும் ராஜா வேறெதுவும் கேட்கவில்லை. உத்தரவு போட்டார். மீறினால் பிரம்படி.

ஒரு வாரம் போவதற்குள் நுங்கு விற்கிற வெயிலுகந்தாள் சபையில் வந்து நின்றாள்.

"சாமி, வெட்டின நுங்கு மறுநாள் தாங்காது. நான் தெருவிலே போறது வீட்டுக்குள்ளே இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? கூடை கூடையா மாட்டுக்குக் கொட்டுறேன். இப்படியே போனா பிள்ளைகளோட ஊரைவிட்டுத்தான் போகணும்."

"உன் நுங்கில் ருசி இல்லை. அதைச் சொல்," என்றார் அம்பலவாணன். ராஜா சிரித்தார். ராஜா சிரித்ததால் சபையும் சிரித்தது.

மந்திரி மட்டும் சிரிக்கவில்லை. "மகாராஜா, நாளைக்கு உங்கள் பிறந்தநாள் விருந்து. வழக்கம்போல முரசறையச் சொல்லட்டுமா?"

அம்பலவாணனுக்கு வாய் நிற்குமா? "மகாராஜா விருந்துக்கு முரசா? அவர் என்ன நுங்கா விற்கிறார்? வாசனைக்கே ஊர் திரண்டு வரும், மந்திரியாரே."

"முரசு வேண்டாம்," என்றார் ராஜா, நெஞ்சை நிமிர்த்தி.

மறுநாள் அண்டா அண்டாவாகச் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, பருப்புப் பாயாசம். வரிசையாக இலை போட்டிருந்தது. காக்கைகள் வந்தன. ஆள் வரவில்லை. பாயாசம் ஆடை கட்டியது.

"எங்கே ஜனங்கள்?" என்றார் ராஜா.

"வாசனை இப்போதுதான் கிளம்பியிருக்கிறது, மகாராஜா. போய்ச் சேர வேண்டாமா?" என்றார் மந்திரி.

பொறுக்க முடியாமல் ராஜா, வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவுக்கே இறங்கினார். ஒரு வீட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்து, "ஏனப்பா, விருந்துக்கு வரவில்லையா?" என்று கேட்டார்.

"விருந்தா? முரசே கேக்கலையே. ராஜா வீட்டுக் கஜானா காலி போலன்னு நாங்க கூழைக் குடிச்சுட்டோம்."

ராஜாவுக்கு மானம் போயிற்று. நடுத்தெருவில் நின்று, "சோறு... சோறு..." என்று கூவினார். மூலையிலிருந்து ஒரு சேவகன் பிரம்போடு பாய்ந்து வந்தான்.

"எவன்டா அது, உத்தரவை மீறிக் கத்துறது?"

ராஜா துண்டை விலக்கினார். பிரம்பு தானாகக் கீழே விழுந்தது.

கூடையோடு அந்தப் பக்கம் வந்த வெயிலுகந்தாளைப் பார்த்து, "அம்மா, நீ கூவு," என்றார் ராஜா. அவள் கீழே கிடந்த பிரம்பைக் கண்ணால் காட்டினாள்.

"சரி, உத்தரவு ரத்து. இந்த நிமிஷமே."

"கத்திரிக்காய்க் குழம்பு, பருப்புப் பாயாசம், அரண்மனை வாசல்லே இலை போட்டாச்சு... வாங்க" என்று அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். கதவுகள் திறந்தன. கூழ் குடித்த ஊரே அரண்மனைக்கு ஓடியது. போகிற வழியில் அவள் நுங்குக் கூடையையும் காலி செய்தது.

ராஜா மந்திரிக்கு முத்துமாலை போட்டார். வெயிலுகந்தாளுக்கு அரண்மனை வாசலிலேயே கடை போட இடம் கொடுத்தார். பிறகு அம்பலவாணன் பக்கம் திரும்பினார்.

"தெற்குத் தெருக்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நீர் போய்க் கூவும்."

அம்பலவாணன் முதல் தெருவில் நின்று தொண்டையைச் செருமினார். "வேங்கைநாட்டின் மாட்சிமை தங்கிய, எதிரிகள் நடுங்கும், எட்டுத் திக்கும் புகழும்..."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "வரி கேட்க வந்திருக்கான் போல. தாழ்ப்பாளைப் போடுடி."

தெரு முழுக்கத் தாழ்ப்பாள் விழும் சத்தம்.

அடுத்த தெருவில் அம்பலவாணன் பட்டங்களைத் தொடவேயில்லை. பாயாசத்திலிருந்து ஆரம்பித்தார்.